கரடி மாமாவின் கழித்தல் புத்தகம்

ஜூன் 11, செவ்வாய்

இன்று அப்பா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கரடித் தொப்பி போட்டிருந்தார். சின்னப் பிள்ளைகளைக் கூடத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். ஏழாம் வகுப்பு நாங்கள் பின்னால் நின்றோம். "கரடி மாமா! கரடி மாமா!" என்று ஒரே கூச்சல். எறும்பு தன்னைவிடப் பெரிய பாரத்தை எப்படித் தூக்குகிறது என்று காட்ட இரண்டு பிள்ளைகளை ஒரே கையில் தூக்கினார்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கேட்டாள்: "கரடி மாமா, விரல்ல என்ன கட்டு?"

"ஒரு சிங்கம் கடிச்சிடுச்சுடா செல்லம்!" என்று உறுமினார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது அம்மாவின் பல். நேற்று சாயங்காலம் வாயில் குத்தியபோது பட்டது.

போகும்போது அறிவியல் டீச்சர் என் தோளைத் தட்டினார். "உனக்கென்னடி, குடுத்து வச்சவ. உங்க வீடே மிருகக்காட்சிசாலை மாதிரி கலகலன்னு இருக்கும்ல?"

"ஆமா டீச்சர்."

பொய் சொல்லவில்லை.

பெட்டி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எழுதி விற்காத புத்தகங்களும், அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள்களும் இங்கேதான் இருக்கின்றன. தாளின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறுமை. எழுதி முடித்ததும் கட்டுக்கு நடுவில் சொருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்தத் தாளின் பின்னால் ஒரு தவளை. டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் இந்தப் பக்கமும் தெரிகிறது.

ஜூன் 12, புதன்

என் தங்கை வாண்டு சாப்பிடும்போது கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அம்மா, நான், அவள் — மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, அப்பா வீட்டிலேயே இல்லை. வாண்டுக்கு இன்னும் ஐந்து வயதுகூட ஆகவில்லை. அவளுக்கும் மூச்சைப் பிடிக்கத் தெரிந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

புதுப் புத்தகம் தொடங்கியாயிற்று. பெயர் 'மீதி எத்தனை?' கழித்தல் கணக்கு. வழக்கம்போல அப்பா கதை சொல்வார், அம்மா வரைவாள், அட்டையில் அப்பா பெயர் மட்டும் வரும். பக்கத்தில் சிரிக்கிற கரடி.

என் வேலை எண்ணுவது. அம்மா ஒவ்வொரு படத்தையும் முடித்ததும் என்னிடம் தருவாள். நான் ஒவ்வொரு மிருகத்தின் மேலும் ஒரு சட்டைப் பொத்தானை வைப்பேன். பிறகு பொத்தான்களை எடுத்துத் தனியாக எண்ணுவேன். கதையில் சொன்ன எண்ணிக்கை வந்தால் மூலையில் பென்சிலால் 'சரி' என்று எழுதுவேன். 'சரி' இல்லாத தாள் அச்சகத்துக்குப் போகாது.

முன்பு ஒரு புத்தகத்தில் கோழிக்கு ஒன்பது குஞ்சு என்று எழுதியிருந்தது, படத்தில் பத்து இருந்தது. ஒரு பத்திரிகையில் 'கரடி மாமாவுக்குக் கணக்கு வராதா?' என்று போட்டுவிட்டார்கள். அந்த வாரம் அம்மாவால் பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிப் போக முடியவில்லை. நடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் பொத்தான். என்னை அடிக்க மாட்டார். நான் தவறாக எண்ணினால் அம்மாவை அடிப்பார். அப்போதுதான் கணக்கு மனதில் நிற்குமாம்.

ஜூன் 17, திங்கள்

என்னால்தான். இல்லை. என்னால்தானா?

குளத்தில் பத்து மீன், மூன்று போனால் மீதி ஏழு. ஏழு பொத்தான் வைத்தேன். ஏழு தலை இருந்தது. 'சரி' போட்டேன். கோரைப் புல்லுக்குப் பின்னால் ஒரு வால் நுனி எட்டிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அம்மா வரைந்துவிட்டு அழித்த மீன், வாலை மட்டும் அழிக்க மறந்திருக்கிறாள்.

அப்பா தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "தலை இருந்தாத்தான் மீனா? இது யாரோட வாலு? ம்? உங்கம்மாவோடதா?"

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். தலை மோதியது, தேங்காய் மாதிரி ஒரு சத்தம். பிறகு கீழே விழுந்தவளை உதைத்தார். உதைக்கும்போது எண்ணினார். என்னையும் கூடவே எண்ணச் சொன்னார். எட்டு. எட்டாவது மீனுக்கு எட்டு. நான் எண்ணினேன். சத்தமா எண்ணினேன், இல்லேன்னா முதல்லேருந்து ஆரம்பிப்பார்.

எல்லாம் முடிந்ததும் மற்ற எல்லாத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். அது அவர் பழக்கம். ஒரு தப்பு கண்ணில் பட்டுவிட்டால் போதும், மொத்தத்தையும் முதலிலிருந்து விரல் வைத்து எண்ணுவார், அதையே திரும்பத் திரும்ப எண்ணுவார். அதுவரை எழுந்திருக்க மாட்டார், சாப்பிட மாட்டார், யாரும் பேசக் கூடாது. பொழுது சாயும்வரை எண்ணினார். அம்மா அதே இடத்தில் தரையில் கிடந்தாள். தண்ணீர் கொடுக்கப் போனேன், "உஷ்" என்றார்.

ஜூன் 18, செவ்வாய்

அம்மா உட்கார்ந்து வரைய முடியாமல் நின்றுகொண்டே வரைந்தாள். முயல்களை. முயல்கள் எல்லாம் சிரிக்கின்றன.

ஜூன் 20, வியாழன்

எழுத்து எப்படி வருதோ வரட்டும்.

பள்ளி விட்டு வந்தேன். அப்பாவும் அம்மாவும் வரையும் மேஜையில் இருந்தார்கள். வாண்டு மேஜைக்கு அடியில். அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்: "நாரை மீனைத் தின்னத்தாங்க செய்யும். அதனாலதான் குறையுது. பிள்ளைங்களுக்கு அது புரியும்."

"என் புத்தகத்துல ஒரு உயிரும் சாகாது. ரத்தம் வராது. பிள்ளைங்க பயந்துடும். மூணு மீன் விருந்துக்குப் போகுது. அவ்வளவுதான்."

"சரிங்க. ஆனா இந்தப் பல்லி..."

கடைசிப் பக்கம் பல்லி. அப்பா எழுதியிருந்தது இது: பூனை பல்லியின் வாலைப் பிடித்தது, வால் அறுந்தது, பல்லி அழுதது, பூனை மன்னிப்புக் கேட்டு வாலைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தது, இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

அம்மா சொன்னாள்: "வால் ஒட்டாதுங்க. பல்லியே வாலை விட்டுட்டு ஓடிடும். விட்ட வாலு கிடந்து துடிக்கும். பூனை அதையே பாத்துக்கிட்டு நிக்கும், அதுக்குள்ள இது தப்பிச்சிடும். வேற வால் பின்னால முளைக்கும். அறிவியல் புத்தகம்னுதானே போடுறோம்?"

இவ்வளவு நீளமாக அம்மா பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு நீ அறிவியல் சொல்லித் தர்றியா?"

அவர் கத்தவில்லை. கத்தினால் பயம் குறைவு. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தாள் வெட்டும் பலகையில் வைத்தார். ஒரு ஓரத்தில் நீளமான கத்தி, அதற்கு ஒரு கைப்பிடி, அழுத்தினால் இறங்கும். இடது கையை வைத்தார். வலது கை அவருக்கு வேண்டும், வரையும் கை.

"ஏய், இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். "கணக்கு. அஞ்சு விரல். ரெண்டு போனா மீதி எத்தனை?"

கத்தி கொஞ்சம் இறங்கியது.

"சொல்லிடு கண்ணு" என்றாள் அம்மா.

"மூணு."

"சத்தமா."

"மூணு! மூணுப்பா! மூணு!"

"பாத்தியா, அவளுக்குக் கணக்கு வருது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பலகையிலிருந்து எடுத்தார். எடுக்கும்போதுதான் கத்தி இறங்கியது. தெரியாமல் இறங்கியதா? எனக்குத் தெரியும்.

கட்டைவிரல் நுனி. பாதி நகமும் சதையும். அம்மா கத்தக்கூட இல்லை, ஒரு மாதிரி காற்று மட்டும் வந்தது. ரத்தம் மீன் குளத்தின் மேல் தெறித்தது. அவர் முதலில் தாளைத்தான் தூக்கினார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத மறுபடி வரையணும்" என்றார்.

வாண்டு மேஜைக்கு அடியிலிருந்து, "அம்மா, ஒட்டிக்கோ, பசை இருக்கு" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

பைண்டிங் அக்கா வந்தார். அச்சான தாள்களை மடித்துத் தைத்து ஒட்டுபவர் அவர்தான். வந்தால் வீடு முழுக்கப் பசை வாசம் வரும். குரலும் ஊருக்கே கேட்கும். அப்பாவிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

"என்ன தங்கச்சி, கையில பெரிய கட்டு?"

"கவனமில்லாம தாள் வெட்டினா" என்றார் அப்பா. "சொன்னா எங்க கேக்குறா அக்கா?"

அப்பா உள்ளே போன் பேசப் போனதும், பழைய தாள்களை எடுக்கிற சாக்கில் அக்கா அம்மாவோடு பெட்டி அறைக்குள் வந்தார். நான் கட்டுகளுக்குப் பின்னால் இருந்தேன்.

"குட்டக் குட்டக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா, ஒருநாள் தலையே இருக்காதுடி."

"போன தடவ பாத்தீங்கள்லக்கா."

போன தடவை சித்தி ஊருக்குப் போவதற்காக பஸ் ஏறி உட்கார்ந்திருந்தோம். பஸ் கிளம்பும் முன்பே அப்பா மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். முடியைப் பிடித்துப் படியில் இழுத்தார், அம்மாவின் தாடை ஒவ்வொரு படியிலும் இடித்தது. "குடும்ப விஷயம்" என்று டிரைவர் திரும்பிக்கொண்டார். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். போகும்போது தன் மகனுக்காக ஒரு புத்தகத்தில் கரடி மாமாவின் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

"பஸ்ஸுல போனா பிடிப்பான். அச்சு ஓடுற அன்னைக்கு என் தம்பி வண்டில பழைய புத்தகம் லோடு போகுது, ரொம்ப தூரம். கட்டுக்கு நடுவுல மூணு பேர் உக்காந்தா யாருக்குத் தெரியும்?"

"அவர் அச்சகத்துல மொதல் தாளைப் பாத்துட்டு ஓடி வந்துடுவார்க்கா. வண்டி ஊரைத் தாண்டுறதுக்குள்ள பிடிச்சிடுவார்."

"அப்ப அவனைச் சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்கார வைக்கிற மாதிரி எதாச்சும் இருக்கணும்."

அம்மா கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அக்கா சத்தமாகச் சிரிக்கப் போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜூன் 24, திங்கள்

பல்லிக்கு வாலை ஒட்டியாயிற்று. அப்பா சொன்னபடியே அம்மா வரைந்துவிட்டாள். பூனை பசைக் குப்பியோடு நிற்கிறது. அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், அம்மாவின் தலையைத் தடவினார். தடவும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நாய்க்குட்டிகள் சில நேரம் அப்படித்தான் நிற்கும்.

மற்ற தாள்களை எனக்குத் தந்தாள். வாத்துப் பக்கம்: ஒன்பது வாத்து, நான்கு போனால் மீதி ஐந்து. பொத்தான் வைத்தேன். ஆறு. மறுபடி வைத்தேன். ஆறு.

"அம்மா, ஆறு இருக்கு."

"தெரியும். 'சரி' போடு."

"அம்மா!"

"போடு கண்ணு."

"தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவார்மா."

"தெரியணும். அதுக்குத்தான்." என் கையைப் பிடித்து அவளே பென்சிலை வைத்தாள். "இன்னும் ரெண்டு பக்கத்துல இருக்கு. அது சுலபமா கண்ணுல படாது. நீ தேடாத. எல்லாத்துலயும் 'சரி' போட்டுடு."

போட்டேன். பென்சில் முனை உடைந்தது. சீவிப் போட்டேன். என் கையால் நானே அம்மாவை அந்தப் பலகையில் வைத்த மாதிரி இருந்தது.

ஏன்மா? எதுக்கு?

ஜூன் 25, செவ்வாய்

புரிந்துவிட்டது. பல் தேய்க்கும்போது புரிந்தது.

ஆறாவது வாத்து கண்ணில் பட்டால் அப்பா எழுந்திருக்க மாட்டார். முதலிலிருந்து எண்ணுவார். அடுத்ததைக் கண்டுபிடித்தால் இன்னொரு முறை எண்ணுவார். நாளைக்குத்தான் அச்சு, அதை விட்டால் அச்சகத்தில் இயந்திரம் வேறு வேலைக்குப் போய்விடும், அதனால் திருத்தாமல் வரவும் முடியாது. கோபத்தையெல்லாம் வீட்டுக்கென்று சேர்த்து வைப்பார். எப்போதும் அப்படித்தான், வெளியே காட்ட மாட்டார்.

விட்ட வால் கிடந்து துடிக்கும். பூனை அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நிற்குமா?

ஜூன் 26, புதன்

வண்டிக்குள் எழுதுகிறேன். குலுங்குகிறது. கொஞ்சம் தாள்களைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

காலையில் அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டார். எனக்கு வயிற்று வலி என்று அம்மா சொன்னதால் பள்ளிக்கு அனுப்பவில்லை. வாசலில் என் தாடையை நிமிர்த்தினார்.

"எல்லாம் எண்ணியாச்சா?"

"எண்ணியாச்சுப்பா."

"தப்பு இருந்தா?"

"அடி விழும்பா."

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"சமத்து" என்று கன்னத்தைத் தட்டினார். வாண்டுக்கு முத்தம் கொடுத்தார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அம்மா பாத்திரம் தேய்த்தாள். வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. அம்மா தூரிகைகளைத் தொடவில்லை. பாதி வரைந்த ஆமை மேஜையில் கிடந்தது, வண்ணக் கிண்ணத்தில் தண்ணீர் கலங்கியபடி. ரேடியோவை ஓட விட்டாள். அவள் வரைந்ததெல்லாம், அத்தனை வருஷப் படங்களும் அலமாரியில். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

ஏறும்போது போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.

"அப்பா கூப்பிடுறாரு" என்றாள் வாண்டு.

அம்மாவின் கால் தானாகவே வீட்டுப் பக்கம் ஓரடி போனதை நான் பார்த்தேன். பழக்கம். டிரைவர் மாமா, "ஏறும்மா, ஏறு" என்றார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவளை இழுத்தது அதுதான் முதல் தடவை, வலிக்காமல் இழுக்கத் தெரியவில்லை.

சுற்றிலும் புத்தகக் கட்டுகள். ஒவ்வொரு கட்டின் மேலும் கரடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அம்மா எங்கள் இருவரையும் அடியில் தள்ளி மேலே கவிழ்ந்து படுத்தாள். வேறு யாரோ. அப்புறமும் அவள் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சித்தி வீடு இல்லை. அது அவருக்குத் தெரியும். இது வேறு. வாசலில் பெயர்ப்பலகை இல்லாத வீடு, எங்களை மாதிரி இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு காது இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

கதவு சாத்தும் சத்தம் கேட்டால் வாண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

ஜூலை 1, திங்கள்

பைண்டிங் அக்கா போன் செய்தார். பேச்சு குளறியது. அம்மா போனை என் காதிலும் வைத்தாள்.

அக்கா சொன்னபடி: அக்கா ஆறாவது வாத்தைக் காட்டியதும் அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் போன் அடித்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை, "இருக்கட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டு எண்ணினார். அடுத்தது கிடைத்தது, நண்டுக்கு ஒரு கால் குறைவு. மறுபடி எண்ணினார். மூன்றாவது கிடைக்கவே இல்லை. கிடைக்கவில்லை என்றதும் எல்லாமே சரிதான் என்று நம்பவும் முடியவில்லை. இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

அச்சகத்துக்கே திரும்பி வந்தார். கையில் இரும்புக் கம்பி. அக்காவை அடித்தார். தடுக்க வந்த அச்சகக்காரரின் கையை உடைத்தார். இயந்திரத்தின் கண்ணாடியை உடைத்தார். உடைக்க உடைக்க, "எங்கடி அவ? எங்கடி?" என்று கத்தினார். வேலை முடிந்து போகிறவர்கள், எதிர்க்கடைக்காரர்கள், தெருவே கூடிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். கரடி மாமாவை எல்லோரும் பார்த்தார்கள். இழுத்துப் பிடித்துக் கட்டிப் போட்டார்கள். இந்தத் தடவை வந்த காவலர் கையெழுத்து கேட்கவில்லை.

அம்மா அழுதாள். "என்னாலதான்க்கா, உங்களுக்கு..."

"அட போடி. ஒரே ஒரு முன்பல்லுதான் போச்சு. முப்பத்தி ரெண்டுல ஒண்ணு போனா மீதியை வச்சு மெல்ல முடியாதா? உன் பொண்ணைக் கேளு, கணக்குச் சொல்லுவா."

நான் போனிலிருந்து காதை எடுத்துக்கொண்டேன்.

அவர் எத்தனை நாள் உள்ளே இருப்பார் என்று யாருக்கும் தெரியவில்லை. "வெளிய வந்தா?" என்று அம்மாவைக் கேட்டேன். "வந்தா பாத்துக்கலாம்" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

இது பழைய காலண்டர் தாள். எழுதும் முன் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மிருகம் எதுவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு மழலையர் பள்ளி. சுவரில் படம் வரைய ஆள் தேடினார்கள், அம்மா போய்க் கேட்டாள். தூரிகையும் அவர்களே தந்தார்கள். கட்டைவிரலில் கட்டைப் பிரித்தாயிற்று. நகம் அடியிலிருந்து முளைக்கிறது. கோணலாக, வேறு நிறத்தில். அம்மா அதை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

இன்று பள்ளி விடுமுறை, நாங்களும் கூடப் போனோம். குளம் வரைந்த சுவரில் நாரை ஒரு மீனை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறது. வரையச் சொன்னவர் ஒன்றும் சொல்லவில்லையாம். மேலே ஒரு பல்லி, மொட்டை வாலோடு. அம்மா ஏணி மேல் இருந்து கேட்டாள்: "நண்டுக்குக் கால் சரியா வந்திருக்கான்னு பாரு."

பொத்தான் இல்லை. விரல் வைத்து எண்ணினேன்.

"பத்து இருக்கும்மா."

அம்மா இறங்கி, பின்னால் போய் நின்று பார்த்தாள். "ஒன்பதுதான்டி இருக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அதற்குப் பிறகு. தோள் ரெண்டும் காதுக்கு ஏறிடுச்சு. கண்ணை மூடிட்டேன். கை மட்டும் வாண்டுவைத் தேடிப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளியது. காத்திருந்தேன்.

டப்பாவில் தூரிகை தட்டும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். அம்மா நண்டுக்கு இன்னொரு கால் போட்டுக்கொண்டிருந்தாள். இடம் போதாமல் அது மற்றதைவிட நீளமாகி, பக்கத்திலிருந்த ஆமையின் மேல் ஏறிவிட்டது.

"நண்டு ஆமைய உதைக்குது!" என்று வாண்டு சிரித்தாள்.

"இல்லடி, தட்டிக் கூப்பிடுது" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிற்கிற விதத்தைப் பார்த்தாள். கலங்கிய தண்ணீர் டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இதக் கொட்டிட்டு வேற தண்ணி கொண்டா கண்ணு."

கொட்டினேன். வேறு தண்ணீர் கொண்டு வந்தேன்.